பகல் வெப்பத்தை இரவுவரை பிடித்துவைத்தல்: வன்னிக் கட்டடங்களில் அவத்தை மாற்றப் பொருட்கள்

தை மாதத்து விடியற்காலையில் தலைக்கு எண்ணெய் வைக்கப் போகிறவர், போத்தலைக் கவிழ்த்துப் பார்த்து, ஒரு துளியும் விழாததைக் கண்டு, அதை முற்றத்து வெயிலில் கொண்டுபோய் வைப்பது வன்னியில் வழக்கமான காட்சி. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24, 25 பாகை செல்சியஸில் உருகும். வாடைக்காற்று வீசும் நாட்களில் அறையின் வெப்பநிலை அதற்குக் கீழே இறங்குவதால் எண்ணெய் உறைந்து வெள்ளையாகிவிடுகிறது. வைகாசியில் அதே போத்தல், அதே தட்டில், இரவும் பகலும் திரவமாகவே இருக்கும். கீழே சொல்லப்படும் செய்முறையின் பாதி இந்தப் போத்தலுக்குள் இருக்கிறது.

ஒரு பொருள் உருகும்போது தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஆனால் உருகி முடியும்வரை அதன் வெப்பநிலை உயர்வதில்லை. திரும்ப உறையும்போது அந்த வெப்பத்தை வெளியே விடுகிறது. பள்ளிக்கூடத்தில் மறைவெப்பம் என்று படித்தது இதுதான். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோயூல் வேண்டும். அதே அளவு வெப்பத்தைக் கொண்டு உருகிய நீரை 80 பாகைவரை சூடாக்கிவிடலாம். தடுப்பூசி கொண்டுசெல்லும் பெட்டிக்குள் பனிப்பொதிகளை அடுக்குவதும் இந்தக் காரணத்துக்காகவே. அறை வெப்பநிலையை ஒட்டி உருகி உறையும் பொருளொன்றைக் கட்டடத்துக்குள் வைத்தால், பகலில் வரும் வெப்பத்தில் ஒரு பகுதியை அது வாங்கிவைத்து இரவில் திருப்பிக் கொடுக்கும். இத்தகையவற்றையே அவத்தை மாற்றப் பொருட்கள் என்கிறோம்.

சீமெந்துக் கல்லும் வெப்பத்தைச் சேமிக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு கிலோ சீமெந்துக் கல் ஐந்து பாகை சூடேறும்போது வாங்கும் வெப்பம் நாலரைக் கிலோயூல் மட்டுமே. 29 பாகையளவில் உருகும் நீரேறிய கல்சியங் குளோரைட்டு, அதாவது பளிங்குக்குள் நீரைப் பிடித்துவைத்திருக்கும் ஓர் உப்பு, அதே ஐந்து பாகை இடைவெளிக்குள், கிலோவுக்கு ஏறத்தாழ 180 கிலோயூலை விழுங்கும். பழைய மண்சுவர் வீட்டில் தடிப்பால் கிடைத்த குளிர்ச்சியை, நான்கு அங்குலக் கல்லில் எழுப்பி மேலே சீற் போட்ட இக்கால வீட்டில், எடை குறைந்த ஒரு பொருளால் ஓரளவு மீட்கலாம் என்பதே இதன் பயன். தடித்த மண்சுவரும் கிடுகுக் கூரையும் இன்னும் உள்ளவர்களுக்கு இந்த வேலை தேவையில்லை.

முதலில் ஒரு வாரம் வெப்பநிலையை அளக்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டுப் பொருளை வாங்கப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். குளிர்நாடுகளுக்கென விற்கப்படும் பலகைகள் 21 முதல் 23 பாகையில் உருகுபவை. வன்னியில் சித்திரை முதல் ஆவணிவரை அவை ஒருபோதும் உறையமாட்டா. உறையாத பொருள் மறுநாள் எதையும் உறிஞ்சாது. கூரையில் தொங்கும் வெறும் சுமையாகவே இருக்கும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இங்கே பகல் உச்சம் 33 முதல் 35 பாகைவரை போனாலும், விடியற்காலையில் வெளிக்காற்று 25 பாகையளவுக்கே இறங்கும். ஆகவே உருகுநிலையைத் தீர்மானிப்பது பகல் வெயில் அல்ல, விடியற்காலைக் காற்று. இந்தக் கட்டுரையில் ஒரேயொரு வசனத்தை மட்டும் நினைவில் வைக்க முடியுமானால் அது இதுவாக இருக்கட்டும்.

அளக்கும்போது வெப்பமானியை மேசையில் வைக்காமல், பொருள் இருக்கப்போகும் உயரத்தில், அதாவது கூரைப் பலகைக்குச் சற்றுக் கீழே தொங்கவிட வேண்டும். இன்னொரு வெப்பமானி வெளியே வேம்பின் நிழலில் இருக்கட்டும். காலை ஐந்தரை மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். யன்னல்களைச் சாத்திவிட்டுப் படுக்கும் வீட்டில், வெளியே 25 பாகை இருக்கும் அதே நேரத்தில் உள்ளே 28 பாகை இருப்பதைக் காணலாம். பகல் முழுவதும் சூடேறிய சுவர்கள் இரவெல்லாம் உள்ளேயே அந்த வெப்பத்தைக் கக்குகின்றன. அப்படியானால் இரவுக் காற்றை உள்ளே எடுக்க வழி செய்யும்வரை பொருளைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. வழி செய்த பிறகு மீண்டும் ஒரு வாரம் அளந்து, கிடைக்கும் விடியற்காலை அளவுடன் மூன்று அல்லது நான்கு பாகையைக் கூட்டினால் வருவதே தேவையான உருகுநிலை. 25 அல்லது 26 என்று கிடைத்தால் 29 பொருத்தம். கிடைக்கும் பொருளின் உருகுநிலைக்கும் விடியற்காலை அளவுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பாகைக்கும் குறைவாக அமையுமென்றால் திட்டத்தைக் கைவிடுவது நல்லது.

எந்த அறை என்பதும் இப்போதே முடிவாக வேண்டும். பொருள் உறையும்போது வெப்பத்தை வெளியே விடும் என்பதால், இரவில் ஆட்கள் படுக்கும் அறையில் அதை வைத்தால் பகலில் தடுத்த புழுக்கத்தை இரவில் படுத்திருப்பவர் மேலேயே கொட்டியதாகிவிடும். பகலில் பயன்படும் இடங்களான கடை, அலுவலகம், வகுப்பறை, மருந்தக அறை ஆகியவையே இதற்கு ஏற்றவை. அவற்றிலும் மருந்து வைக்கும் சிறிய அறைக்கே என் முதல் வாக்கு. பல மருந்துகளின் உறையில் 30 பாகைக்குக் கீழே வைக்கும்படி எழுதியிருக்கும். 29 பாகையில் உருகும் பொருள் அந்த எல்லையை ஒட்டியே வேலை செய்யும்.

எவ்வளவு பொருள் வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூன்று மீற்றர் நீளமும் மூன்று மீற்றர் அகலமும் கொண்ட அறை, மேலே சீற். காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணிவரை கூரையால் சதுர மீற்றருக்கு 30 வாற்று வெப்பம் உள்ளே இறங்குகிறது என்று எடுத்துக்கொண்டால், ஒன்பது சதுர மீற்றரிலும் ஆறு மணித்தியாலத்தில் 1,620 வாற்று-மணி, அதாவது 5,800 கிலோயூலுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். கிலோவுக்கு 180 வீதம் 32 கிலோ பொருள் தேவை. அதே அறைக்கு வெப்பத்தைத் திருப்பியனுப்பும் அலுமினியத் தாளைச் சீற்றின் கீழே விரித்து, அதன் கீழ் ஒரு கூரைப் பலகையும் அடித்து, இறங்கும் வெப்பத்தைச் சதுர மீற்றருக்கு 10 வாற்றாகக் குறைத்தால் 11 கிலோ போதும். அலுமினியத் தாள் எந்த உப்பையும்விட மலிவானது. கூரைக்கு வெள்ளை பூசுவது, மேற்குச் சுவருக்குத் தாழ்வாரம் இறக்குவது, யன்னலுக்கு வெளியே தட்டி கட்டுவது ஆகியவற்றை முடித்துவிட்டு, எஞ்சும் வெப்பத்துக்கு மட்டுமே பொருளை நாட வேண்டும். அஸ்பெஸ்டஸ் சீற் உள்ள வீடுகளில் அந்தச் சீற்றைத் துளைப்பதோ அறுப்பதோ உரஞ்சுவதோ கூடாது; அதன் தூசு நுரையீரலுக்கு ஆபத்தானது. எல்லாவற்றையும் மரச் சிலாகைகளிலேயே பொருத்த வேண்டும்.

அடுத்த கணக்கைப் பலர் போடுவதில்லை. நானும் முதல்முறை போடவில்லை. ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தல்கள் இருபதில் உப்பை நிரப்பிச் சுவரின் மேல்விளிம்பில் வரிசையாக அடுக்கினேன். ஐந்து நாட்களுக்குப் பிறகு விடியற்காலையில் ஒரு போத்தலை எடுத்துக் குலுக்கியபோது உள்ளே சலசலவென்று சத்தம் கேட்டது. அதை நெடுக்காக வெட்டிப் பார்த்ததில், பிளாஸ்டிக்கை ஒட்டி மெல்லிய பளிங்குத் தோல் ஒன்று மட்டுமே இருந்தது. நடுவெல்லாம் வெதுவெதுப்பான நீர்மம். காரணம் எளியது. மின்விசிறி இல்லாத அறையில், காற்றுக்கும் ஒரு மேற்பரப்புக்கும் இடையே ஒரு பாகை வேறுபாட்டுக்குச் சதுர மீற்றருக்கு எட்டு வாற்றளவு வெப்பமே கைமாறும். மூன்று பாகை வேறுபாட்டில் 24 வாற்று. பத்து மணித்தியால இரவில் 864 கிலோயூல். அதாவது ஒரு சதுர மீற்றர் மேற்பரப்பின் வழியாக ஓர் இரவில் உறையக்கூடியது ஐந்து கிலோவுக்கும் சற்றுக் குறைவு. போத்தலுக்குள் இருந்ததோ 2.4 கிலோ, அதன் மேற்பரப்பு ஒரு சதுர மீற்றரில் பத்தில் ஒரு பங்கு. அரைக் கிலோ உறைந்ததே பெரிய காரியம்.

பகல் இன்னும் குறுகியது. உருகுவதற்கு ஆறு மணித்தியாலமே கிடைப்பதால், சதுர மீற்றருக்கு மூன்று கிலோ என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. ஆகவே 11 கிலோவுக்கு நான்கு சதுர மீற்றரை எட்டும் மேற்பரப்பு வேண்டும். முப்பது சென்ரிமீற்றருக்கு நாற்பது சென்ரிமீற்றர் அளவுள்ள தட்டையான பைகளில் பைக்கு 750 கிராம் வீதம் நிரப்பினால் பதினைந்து பைகள் வரும். இரு முகங்களையும் காற்றுத் தொடும்படி வைத்தால் மொத்த மேற்பரப்பு 3.6 சதுர மீற்றர். நிரப்பிய பையின் தடிப்பு நான்கு மில்லிமீற்றர், அதாவது சற்றுத் தடித்த தோசையளவு. அறையில் கூரை மின்விசிறி ஓடுமானால் வெப்பம் கைமாறும் வேகம் கூடும். அப்போது தடிப்பை ஏழு, எட்டு மில்லிமீற்றர்வரை கூட்டலாம். ஒரு சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது.

பொருளைத் தெரிவு செய்வதில் வன்னிக்குள்ள வாய்ப்புகள் சிலவே. தேங்காய் எண்ணெய் கைக்கெட்டியதும் கெடுதலற்றதும்தான். ஆனால் முன்பு சொன்ன காரணத்தால் வெப்பமான மாதங்களில் பயனற்றது. பரபின் என்ற மெழுகு வகையில் ஒக்ரடெகேன் 28 பாகையில் உருகும், கிலோவுக்கு 240 கிலோயூலளவு தரும், ஆயிரக்கணக்கான முறை உருகி உறைந்தாலும் மாறாது. ஆனால் தூய்மையானதன் விலை அதிகம், அத்துடன் எரியக்கூடியது. விறகடுப்பு எரியும் வீட்டின் கூரையில் அதைத் தொங்கவிட நான் துணியமாட்டேன். கடையில் கிடைக்கும் மெழுகுதிரி மெழுகு 50 பாகைக்கு மேலேயே உருகுவதால் அறைக்கு உதவாது. கேப்ரிக் அமிலம் 31, 32 பாகையில் உருகும். தேங்காய் எண்ணெயிலிருந்தும் பிரித்தெடுக்கப்படுகிறது. ஆட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த அதன் பெயருக்கு ஏற்ப ஆட்டுக்கிடாய் வீச்சம் அடிக்கும் என்பதால், ஒரு பை கசிந்தால் அறையை விட்டு எழும்பவேண்டி வரும்.

எஞ்சுவது நீரேறிய உப்புகள். அவை எரியாதவை, பரபினைவிட மலிவானவை, ஒரே கன அளவில் கூடுதலான வெப்பத்தைச் சேர்ப்பவை. ஆனால் அவற்றுக்கு இரண்டு கெட்ட குணங்கள் உண்டு. ஒன்று, உறையவேண்டிய வெப்பநிலைக்கு வந்த பின்னும் உறையாமல் பல பாகை கீழே இறங்கி நீர்மமாகவே நிற்பது. மற்றது, உருகும்போது பாரமான உப்பு அடியில் தங்கி நீர் மேலே பிரிவது. 1948இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து டோவரில் மரியா டெல்கெஸ் என்ற விஞ்ஞானி, எலினோர் ரேமண்ட் வடிவமைத்த வீடொன்றைச் சூரிய வெப்பத்தால் மட்டுமே சூடாக்க, 32.4 பாகையில் உருகும் நீரேறிய சோடியம் சல்பேற்று உப்பைப் பெரும் கொள்கலன்களில் நிரப்பினார். சில குளிர்காலங்கள் ஓடிய பிறகு உப்புப் பிரிந்து அடியில் படிந்து முறைமை செயலிழந்தது. மெல்லிய பையைப் படுக்கையாக வைப்பதால் நமக்கு அந்தத் தொல்லை பெருமளவு குறைகிறது. தடிப்பைக் குறைக்க இது இரண்டாவது காரணம்.

இனிக் கலவை. இரசாயனப் பொருட்கள் விற்கும் கடையில் கல்சியங் குளோரைட்டைச் செதில் வடிவில், 77 வீதத் தூய்மையில் கேட்டு வாங்கலாம். அலுமாரிக்குள் ஈரத்தை உறிஞ்ச வைக்கும் டப்பாக்களில் இருப்பதும் இதே உப்புத்தான். பத்துக் கிலோ கலவைக்குச் செதில் 6.6 கிலோ, நீர் 3.4 கிலோ. இந்த விகிதம் பிசகினால் உருகுநிலையும் பிசகும். ஆகவே கண்மதிப்பை விட்டுத் தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும். கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு விடும் நம் கிணற்றுநீரை எடுக்காமல், பற்றரிக்கு ஊற்றும் தூய நீரை எடுப்பது நல்லது. பிளாஸ்டிக் வாளியில் முதலில் நீரை ஊற்றி, அதற்குள் செதிலைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக் கிளற வேண்டும். உப்புக் கரையும்போது வாளி சூடாகும் என்பதால் மாற்றிச் செய்வது ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும். பிள்ளைகள் அருகில் நிற்கக் கூடாது. எல்லாம் கரைந்து தெளிந்த பின் 200 கிராம் நீரேறிய ஸ்ரொன்சியம் குளோரைட்டைச் சேர்க்க வேண்டும். கல்சியம் உப்பின் பளிங்கைப் போலவே அமைந்த பளிங்குகளைக் கொண்டிருப்பதால், உறைதல் தொடங்குவதற்கு அது வித்தாக நிற்கும்.

பைக்கு, பால்மாப் பையைப் போல உட்புறம் பிளாஸ்டிக்கும் நடுவே அலுமினியத் தாளும் கொண்ட தடித்த பையே சிறந்தது. சாதாரண பொலித்தீன் நீராவியை மெல்ல மெல்லக் கடத்துவதால், மாதக்கணக்கில் கலவையின் நீர் விகிதம் மாறிவிடும். வெறும் அலுமினியமோ தகரமோ உப்புப் பட்டால் அரிக்கும். பையில் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை இருமுறை சூட்டில் ஒட்டவேண்டும். ஒட்டிய ஒவ்வொரு பையையும் நிறுத்து, அதன் எடையை அழியாத மையால் பையிலேயே எழுதிவைக்க வேண்டும். இதன் பயன் பின்னால் தெரியும்.

பைகளைக் கூரையில் ஏற்றுமுன் ஒரு பையைச் சோதிக்க வேண்டும். சிறிய பையொன்றில் வெப்பமானியின் முனையை உள்ளே விட்டுக் கட்டி, 40 பாகை நீரில் உருக்கி, பிறகு 22 பாகை நீர்த் தொட்டியில் இட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறிக்க வேண்டும். அளவு இறங்கி, 29ஐ ஒட்டி நெடுநேரம் அசையாமல் நின்று, பிறகு மீண்டும் இறங்கினால் கலவை சரி. 25, 24 என்று இறங்கிய பின் திடீரென 29க்குத் துள்ளி ஏறினால் வித்துப் போதாது. எங்கும் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் நீர் கூடிவிட்டது அல்லது உறைதலே தொடங்கவில்லை. இதே பையை முப்பது முறையாவது உருக்கி உறையவைத்துப் பார்ப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். இருந்தும் பதினைந்து பைகளையும் பின்னர் கழற்றுவதைவிட அது இலகு.

பொருத்துவது அரை நாள் வேலை. சூடான காற்று மேலே போய்ச் சேர்வதால் பைகளின் இடம் கூரைப் பலகைக்குக் கீழேதான். பலகையிலிருந்து ஒரு சாண் இறக்கி, பனஞ்சிலாகைகளை இணையாகக் கட்டி, அவற்றின் மேல் பிளாஸ்டிக் வலையை விரித்து, பைகளுக்கிடையே நான்கு விரல் இடைவெளி விட்டுத் தட்டையாகப் படுக்கவைக்க வேண்டும். மின்கம்பிகளுக்கு நேர்மேலே எந்தப் பையும் இருக்கக் கூடாது. இந்த உப்பைச் சாந்திலோ கொங்கிரீற்றிலோ கலக்கலாமா என்று மேசன்மார் கேட்பதுண்டு, கூடவே கூடாது. குளோரைட்டு உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கவைத்துச் சில ஆண்டுகளில் தளத்தைப் பிளந்துவிடும்.

இனி நாள்தோறும் செய்யவேண்டியது இரவுக் காற்றோட்டம். 11 கிலோ விடும் வெப்பத்தை எட்டு மணித்தியாலத்தில், இரண்டு பாகை வேறுபாட்டில் வெளியேற்ற மணிக்கு 100 கன மீற்றர் காற்றுப் போதும். சுவர்களின் வெப்பத்தையும் சேர்த்தால் அதன் மூன்று மடங்கு வேண்டும். ஒரு சுவரில் கூரையை ஒட்டிச் சிறிய வெளியேற்று விசிறியொன்றும், எதிர்ச்சுவரில் தாழ்வாக ஒரு காற்றுவழியும் அமைத்தால் காற்று அறையைக் குறுக்காகக் கடந்து போகும். யன்னலைத் திறந்துவிட்டுப் படுக்க யாருக்கும் மனம் வராது என்பது தெரிந்ததே. நுளம்பு, பாம்பு, கள்ளர் என்று காரணங்கள் பல. ஆகவே காற்றுவழிக்கு இரும்புக் கம்பியும் நுளம்பு வலையும் அடித்து, ஒரு மூடியும் பொருத்த வேண்டும். இரவு ஒன்பது, பத்து மணியளவில் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்ததும் திறப்பது, காலை ஏழு மணிக்கு மூடுவது. மூட மறந்தால் கச்சான் காற்று மதியத்துக்கு முன்பே பைகளை உருக்கி முடித்துவிடும்.

குளிரூட்டி உள்ள அலுவலகங்களில் இன்னொரு வழியும் உண்டு. 24 பாகையளவில் உருகும் பொருளை வைத்து, கூரையில் சூரியப் படலம் மின் தரும் நேரத்தில் அதை உறையவைத்தால், மாலை 6.30 முதல் 10.30 வரையான உச்சக் கட்டண நேரத்தில் குளிரூட்டியின் சுமை குறையும். அங்கே இரவுக் காற்றின் வேலையைக் குளிரூட்டி செய்வதால் உருகுநிலைக் கணக்கும் மாறிவிடும்.

பயனை எதிர்பார்க்கும்போது அளவு தெரிந்திருக்க வேண்டும். நன்றாக அமைந்த அறையில் பிற்பகல் உச்சம் ஓரிரண்டு பாகை குறையும். அந்த உச்சம் சில மணித்தியாலம் பிந்தும். ஈரப்பதனை இது தொடாது. ஐப்பசியில் மழைக்கு முன் வரும் புழுக்கத்துக்கு மின்விசிறியே மருந்து. மார்கழி, தையில் பைகள் நாள் முழுவதும் உறைந்தே கிடக்கும். அதில் தவறேதும் இல்லை.

ஆண்டுதோறும் பங்குனியில், கச்சானுக்கு முன், பைகளை இறக்கி நிறுத்துப் பார்க்க வேண்டும். எழுதிவைத்த எடையிலிருந்து பத்து, இருபது கிராம் குறைந்த பை எங்கோ கசிந்திருக்கிறது. கூடிய பை எங்கோ ஓட்டையால் காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கிறது. இரண்டையும் மாற்ற வேண்டும். கூரைப் பலகையிலோ சிலாகையிலோ காயாத ஈரத் தடமொன்று தென்பட்டால் அது மழை ஒழுக்கு என்று விட்டுவிடாமல், அதன் மேலுள்ள பையை உடனே எடுத்து, அந்த இடத்தை நிறைய நீரால் துடைத்து, அருகிலுள்ள ஆணிகளைப் பார்க்க வேண்டும். கழித்த கலவையைக் கிணற்றடியிலோ தென்னையின் பாத்தியிலோ ஊற்றக் கூடாது. மூடியுள்ள பிளாஸ்டிக் கானில் சேர்த்துவைத்து, நீர் விகிதத்தைத் திருத்தி அடுத்த பைக்கே பயன்படுத்தலாம்.